ஓர்க்னித் தீவுகளில் மூன்று நாள்: கற்களுக்கு முன்னால் எவ்வளவு நேரம்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் நின்று கடலைப் பார்த்தால், பென்ட்லண்ட் நீரிணைக்கு அப்பால் தாழ்வாகவும் பசுமையாகவும் ஓர்க்னித் தீவுகள் தெரியும். ஏறத்தாழ 70 தீவுகள் இருக்கின்றன என்றாலும், மக்கள் வாழ்பவை 20 அளவில்தான். எல்லாத் தீவுகளையும் சேர்த்து மக்கள்தொகை 22,000 இருக்கும். கிளாஸ்கோவில் பதினொரு ஆண்டுகளாக வாழும் நான், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு, 2025 மே மாதக் கடைசியில், இன்வர்னஸ் நகரிலிருந்து புறப்படும் மூன்று நாள் வழிகாட்டிச் சுற்றுலா ஒன்றில் அங்கே போய் வந்தேன். பதினாறு பேர் அமரும் சிறிய பேருந்து, ஓட்டுநரே வழிகாட்டி, இரண்டு இரவுத் தங்கல் என்பது ஏற்பாடு. இவ்வளவு குறுகிய பயணத்தில் எதைக் கவனித்திருக்க வேண்டும், எதைக் கவனித்ததால் பயன் கிடைத்தது என்பதை, அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று மட்டும் பார்த்தேன். பதினான்கு இடங்கள் இருந்தன. மற்ற நிறுவனங்களின் பட்டியலில் எட்டோ ஒன்பதோ இருந்தன. ஆகவே இதுவே மேல் என்று முடிவுசெய்து பணம் கட்டினேன். கட்டிய பிறகுதான், அந்தப் பதினான்கில் ஐந்து இடங்கள் சாலையோரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள் என்பதும், நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க விரும்பிய மேஸ்ஹவ் என்ற கற்கால ஈமக் கூடம் அந்த ஐந்தில் ஒன்று என்பதும் விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தெரிந்தன. நுழைவுச் சீட்டு சேர்க்கப்படவில்லை. பேருந்து அங்கே நிற்பது பத்து நிமிடம். இப்போது யார் என்னிடம் கேட்டாலும், இடங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்பார்கள், உள்ளே போவோமா வெளியே நின்று பார்ப்போமா, சீட்டு யார் எடுப்பது என்ற மூன்று கேள்விகளையும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேஸ்ஹவ்வுக்குள் நாமாகவே நுழைய முடியாது. ஸ்டென்னஸ் கிராமத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்திலிருந்து, குறித்த நேரத்தில் சிறு குழுவாகப் பேருந்தில் அழைத்துச் செல்கிறார்கள்; முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற வேண்டியிருக்கும். எங்கள் நிரலில் இரண்டாம் நாள் பிற்பகல் ஸ்ட்ரோம்னஸ் ஊரில் இரண்டரை மணி நேரம் ஓய்வு என்று குறித்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு ஒரு சீட்டை ஐந்து வாரங்களுக்கு முன்பே எடுத்துவைத்து, உள்ளூர் வாடகைக்கார் ஒன்றையும் தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்துகொண்டேன். பயணம் முழுவதிலும் நான் சரியாகச் செய்த காரியம் அதுதான்.

இன்வர்னஸிலிருந்து ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகம் சாலை வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து ஸ்ட்ரோம்னஸுக்குக் கப்பல் ஒன்றரை மணி நேரம். அட்லாண்டிக் கடலும் வடகடலும் சந்திக்கும் பென்ட்லண்ட் நீரிணையில் நீரோட்டம் மிக வேகமானது. வெயில் அடிக்கும் நாளிலும் கப்பல் ஆடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குமட்டல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றை முழுக்க நிரப்பாமலும் முற்றிலும் காலியாக விடாமலும், கப்பலின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததால் அம்மா தப்பித்தார். மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கிய சிலர் மிகவும் அவதிப்பட்டார்கள்.

பாதி வழியில் ஹோய் தீவின் மேற்குக் கரையை ஒட்டிக் கப்பல் போகிறது. செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவருக்கு முன்னால், கடலில் தனியாக 137 மீட்டர் உயரத்தில் ஒரு கற்தூண் நிற்கிறது. ‘ஹோய்க் கிழவன்’ என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். 1966-இல்தான் மனிதர்கள் முதன்முதலாக அதன் உச்சியில் ஏறினார்கள். மறு ஆண்டு நடந்த ஏற்றத்தைப் பி.பி.சி. தொலைக்காட்சி நேரலையாக ஒளிபரப்பியது. அம்மாவும் நானும் குளிர்காற்றில் தளத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அது கண்ணிலிருந்து மறையும் வரை நின்றோம். திரும்பி வரும் கப்பல் வேறு வழியாகப் போவதால் இந்தக் காட்சி ஒரு முறைதான் கிடைக்கும். ஆகவே எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

வழிகாட்டி ஓர்க்னியிலேயே பிறந்தவர். ஸ்காட்லாந்து நிலப்பரப்பை அவர் ‘தெற்கு’ என்றே குறிப்பிட்டார். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஓர்க்னி பல நூற்றாண்டுகள் நார்வே நாட்டுக்கு உட்பட்டிருந்தது. 1468-இல் டென்மார்க்-நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்துத் தந்தபோது, வரதட்சணைப் பணம் கைவசம் இல்லாததால் இந்தத் தீவுகளை அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. 1472-இல் ஸ்காட்லாந்து இவற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. வரதட்சணைக்கு ஈடாகக் கைமாறிய நிலம் என்று நான் சொன்னதும், அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தீவுகளின் பெயர்களில் அந்த நார்வேக் காலம் இன்னும் இருக்கிறது: பெயரின் கடைசியில் வரும் ‘ஏ’ என்ற ஒலி பழைய நார்ஸ் மொழியில் தீவைக் குறிக்கும், தீவுகளின் முதன்மை நகரான கிர்க்வால் என்றால் தேவாலய விரிகுடா, ஹோய் என்றால் உயர்ந்த தீவு. இந்த அடிப்படையைப் பயணத்துக்கு முன் ஒரு மாலை நேரம் செலவழித்துப் படித்துவிட்டால், பேருந்தில் வழிகாட்டி வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும் பெயர்கள் காதில் தங்கும்.

இரண்டாம் நாள் காலை ஸ்கேரா பிரே. கடற்கரை மணலுக்கு அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்திருந்து, 1850-ஆம் ஆண்டுக் குளிர்காலப் புயல் ஒன்று மணலை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்ட கற்கால ஊர் அது. 1920-களின் இறுதியில் கார்டன் சைல்ட் என்ற தொல்லியல் அறிஞர் அதை முறையாக அகழ்ந்தார். கி.மு. 3180 அளவில் தொடங்கி கி.மு. 2500 வரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று கணித்திருக்கிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்கு முன்பே இங்கே வீடுகளும் வடிகால்களும் இருந்தன. பார்வையாளர் மையத்திலிருந்து ஊருக்குப் போகும் நடைபாதையில், வரலாற்று நிகழ்வுகள் பொறித்த கற்களைக் காலத்தில் பின்னோக்கிப் பதித்திருக்கிறார்கள். ரோமப் பேரரசைக் கடந்து, பிரமிடுகளையும் கடந்து நடந்த பிறகுதான் ஸ்கேரா பிரே வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்ததால் மெதுவாக நடந்தோம். அப்படி நடப்பதற்கென்றே போட்ட பாதை அது.

மூல வீடுகளுக்குள் இறங்க அனுமதி இல்லை. சுவர்களின் மேல்மட்டத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும். அங்கே தெரிவது முழுமையான வீட்டு அமைப்பு. நடுவில் சதுர அடுப்பு, இருபுறமும் கல் பலகைகளால் அடைத்த படுக்கைகள், வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டுகள் கொண்ட கல் அலமாரி, தரையில் களிமண் பூசி நீர் கசியாமல் செய்த கல் தொட்டிகள். இவை இத்தனை காலம் அழியாமல் நின்றதற்குக் காரணம் அந்த மண்ணின் பாறைதான். தீவில் அன்றே மரம் அரிதாகிவிட்டிருந்தது. ஆனால் அங்குள்ள மணற்பாறை தட்டுத்தட்டாகப் பிளவுபடும் இயல்புடையது. வேறு ஊர்களில் மரத்தில் செய்து மக்கிப்போன பொருள்களை இங்கே கல்லில் செய்தார்கள். வீடுகளைச் சுற்றிப் பழைய குப்பையையே அணையாகக் குவித்துக் காற்றையும் குளிரையும் தடுத்தார்கள். வீட்டுக்கு வீடு மூடிய வழிகள் இருந்தன.

“அலமாரியை வாசலுக்கு நேரா வெச்சிருக்காங்க பாரும்மா. வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படணும்னு வெச்சிருப்பாங்க” என்றார் அம்மா. அறிஞர்களில் சிலரும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று வழிகாட்டி மூலம் அறிந்தபோது, வீடு நடத்தியவரின் கண்ணை நான் அதுவரை ஒரு சான்றாக மதித்ததில்லையே என்று தோன்றியது.

அங்கே எங்களுக்கு ஒதுக்கிய நேரம் எழுபத்தைந்து நிமிடம். அதில் முதல் அரை மணி நேரம் பயனற்றுப் போனது. கிர்க்வாலில் அன்று ஒரு பெரிய பயணிகள் கப்பல் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து வந்த பேருந்துகள் எங்களுக்கு முன்பே வரிசை கட்டியிருந்தன. பிரிட்டனில் பயணிகள் கப்பல்கள் மிகுதியாக வரும் துறைமுகங்களில் கிர்க்வாலும் ஒன்று. எந்த நாளில் எந்தக் கப்பல், எத்தனை பயணிகளோடு வரும் என்ற அட்டவணையைத் தீவின் துறைமுக நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். பயண நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், பெரிய கப்பல் வராத நாளில் ஸ்கேரா பிரே அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், நெரிசல் இருக்கும் நேரத்தில் நுழைவாயிலுக்கு அருகே கட்டியிருக்கும் மாதிரி வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு ஊருக்கு நடக்கலாம். மாதிரி வீட்டுக்குள் நடமாட முடியும் என்பதால் அதற்கென்றே தனிப் பயன் உண்டு.

கற்காலத்தில் நட்ட பெருங்கற்களான ஸ்டென்னஸ் கற்களும் பிராட்கர் வட்டமும் திறந்த வெளியில் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஸ்டென்னஸில் இன்று நிமிர்ந்து நிற்பவை நான்கு பெரிய கற்கள்தான். உயரமானது ஏறத்தாழ ஆறு மீட்டர். பக்கவாட்டில் பார்த்தால் வியப்பூட்டும் அளவுக்கு மெல்லியவை. அருகில் துளையுள்ள ஒரு கல் இருந்ததாம். காதலர்கள் அந்தத் துளை வழியாகக் கைகோத்து உறுதிமொழி எடுப்பது வழக்கமாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர், ஆட்கள் தம் வயலை மிதிக்கிறார்கள் என்ற கோபத்தில் 1814-இல் அதை உடைத்துவிட்டார். ஊரார் அவர் வீட்டுக்குத் தீ வைக்கவே முயன்றார்கள். பிராட்கர் வட்டம் 104 மீட்டர் விட்டம் கொண்டது. முதலில் 60 கற்கள் இருந்திருக்கும் என்கிறார்கள். சுற்றியுள்ள அகழியைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள், அதுவும் உலோகக் கருவி இல்லாத காலத்தில். இரண்டு ஏரிகளுக்கு நடுவில் அமைந்த அந்தக் குறுகிய நிலத்தில்தான் நெஸ் ஆஃப் பிராட்கர் என்ற கற்காலக் கட்டடத் தொகுதியின் அகழ்வும் நடந்தது. இருபது ஆண்டுகள் நடந்த அந்த அகழ்வு 2024-இல் நிறைவடைந்து, கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக மீண்டும் மண்ணால் மூடிவிட்டார்கள். நாங்கள் போனபோது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது வெறும் நிலம். பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஆவலோடு போகிறவர்கள் இதை அறிந்துகொண்டு போக வேண்டும். வெட்டிய இடம் ஒவ்வொன்றையும் காட்சிக்காகத் திறந்தே வைக்காமல் மூடிக் காத்த முடிவை நான் மதிக்கிறேன்.

இங்கே குடை எந்தப் பயனும் தராது. காற்று குடையைத் திருப்பிவிடும். காற்றுப் புகாத மேலங்கி, காதை மூடும் தொப்பி, ஈரப் புல்லில் வழுக்காத காலணி ஆகிய மூன்றும் மே மாதத்திலும் தேவை. புடவையின் மேல் நீளமான மழையங்கி அணிந்து, உள்ளே கம்பளிக் கால்சட்டையும் போட்டிருந்த அம்மா குழுவிலேயே குறைவாகக் குளிரை உணர்ந்தவர்.

பிற்பகல் ஓய்வு நேரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு தேநீர்க் கடையில் அம்மாவை அமர்த்திவிட்டு, நான் மட்டும் மேஸ்ஹவ் போனேன். அவரை அழைத்துப் போகாததற்குக் காரணம் வழிதான். ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள நுழைவழியில் நன்றாகக் குனிந்தே நடக்க வேண்டும். முழங்காலிலோ முதுகிலோ நோவுள்ளவர்களுக்கு அது கடினம். இடையில் நிமிர இடமில்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது.

குனிந்து போய் நிமிர்ந்தால், கல் பலகைகளை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டிக் குவித்துக் கூரையாக்கிய சதுர அறை. கி.மு. 2800 அளவில் கட்டியது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய வாரங்களில், மறையும் சூரியனின் ஒளி அந்த நுழைவழியூடாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் விழும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆண்டின் இருண்ட நாளில் இறந்தோரின் அறைக்குள் வெளிச்சம் வரவேண்டும் என்று ஒரு சமூகம் கணக்கிட்டிருக்கிறது. வழிகாட்டிய பெண்மணி கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தபோது, கீறல்கள் எழுத்துகளாக எழுந்தன. 12-ஆம் நூற்றாண்டில் கூரையை உடைத்து இறங்கிய நார்ஸ் மக்கள் ரூன் என்ற தங்கள் பழைய எழுத்தில் பொறித்த வாசகங்கள் முப்பதுக்கும் மேல் அங்கே இருக்கின்றன. ஒருவர் தம் பெயரை எழுதியிருக்கிறார். ஒருவர் புதையலைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிகெர்த் என்பவளே பெண்களில் பேரழகி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருபத்தைந்து நிமிடம் அந்த அறையில் நின்றேன். சுற்றுலா நிரலில் இருந்த ஐந்து சாலையோர நிறுத்தங்களை எடுத்துவிட்டு இங்கே இன்னும் இருபத்தைந்து நிமிடம் தந்தால் மகிழ்ந்து ஏற்றிருப்பேன்.

திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பொண்ணோட பேரு நிக்குதே” என்று அவர் இரண்டு முறை சொன்னார். அன்று இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே இருந்தது. வெளிச்சத்தில் தூங்க முடியாதவர்கள் கண்மூடி ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும்.

உணவு பற்றி ஒரு சொல். சைவ உணவு உண்பவர்களுக்கு நகரங்களில் குறையில்லை. சிற்றூர்களில் தேர்வு குறைவு. நாங்கள் புளியோதரையும் சப்பாத்தியும் முதல் நாளுக்கு எடுத்துப் போனோம். பிறகு, ‘பேர்’ என்ற மிகப் பழைய வாற்கோதுமை வகையின் மாவில் சுடும் தட்டை ரொட்டி அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. சற்றுக் கசப்பும் புகை மணமும் கலந்த அதை உள்ளூர்ப் பாலாடைக்கட்டியோடு உண்டோம்.

மூன்றாம் நாள் கிர்க்வாலில் புனித மாக்னஸ் பேராலயம். சிவப்பும் மஞ்சளுமான மணற்கல்லில் 1137-இல் தொடங்கிய கட்டடம். உறவினரான ஹாக்கோன் பிரபுவோடு ஏற்பட்ட ஆட்சிப் பூசலில் எகில்ஸே தீவில் கொல்லப்பட்ட மாக்னஸின் நினைவாக, அவருடைய சகோதரியின் மகன் ரோக்ன்வால்ட் எழுப்பினார். கோடாரியால் தலையில் வெட்டிக் கொன்றார்கள் என்று பழைய ஐஸ்லாந்துக் கதை சொல்லிவந்தது. 1919-இல் தூண் ஒன்றுக்குள் கிடைத்த பெட்டியில், மண்டையோட்டில் பிளவுள்ள எலும்புகள் இருந்தன. 1486-இல் அரசர் அளித்த பட்டயத்தின்படி அந்தப் பேராலயம் கிர்க்வால் நகர மக்களுக்கே உரியது. எங்களுக்குக் கிடைத்தது முப்பது நிமிடம். அதில் இருபதை ஒரே சுவரோரம், ‘ராயல் ஓக்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மணிக்கும் அதில் இறந்தோரின் பெயர்ப் புத்தகத்துக்கும் முன்னால் கழித்தோம்.

அந்தக் கப்பலின் கதைதான் பிற்பகல் முழுவதும் தொடர்ந்தது. தீவுகள் சூழ்ந்த ஸ்கேப்பா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகம் இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படையின் தளமாக இருந்தது. 1919 ஜூன் 21 அன்று, அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களை அவற்றின் மாலுமிகளே மூழ்கடிக்க முற்பட்டார்கள், 52 மூழ்கின. இருபது ஆண்டுகள் கழித்து, 1939 அக்டோபர் 14 அதிகாலை, யு-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் காவலைத் தாண்டிக் குறுகிய கால்வாய் வழியே நுழைந்து ‘ராயல் ஓக்’ கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. 830-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர்கள். அந்தத் துறைமுகத்தின் கிழக்கு வாயில்களை அடைப்பதற்காகத்தான் சர்ச்சில் தடுப்புகள் என்ற நான்கு காங்கிரீட் அணைகளைக் கட்டினார்கள். இன்று அவற்றின் மேலேயே சாலை போகிறது.

வேலைக்கு வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். லாம்ப் ஹோம் என்ற சின்னஞ்சிறு தீவில் இருந்த முகாமில், இரண்டு வளைவான தகரக் கொட்டகைகளை ஒன்றாக இணைத்து, அவர்கள் ஒரு வழிபாட்டிடம் அமைத்தார்கள். டொமினிகோ கியோக்கெட்டி என்ற கைதி தலைமையேற்றுச் சுவர்களில் செங்கல்லும் செதுக்குக் கல்லும் போலவே வண்ணம் தீட்டினார். விளக்குகளை இறைச்சி டப்பாத் தகரத்தில் செய்தார்கள். போர் முடியும் தறுவாயில் மற்றவர்கள் வெளியேறியபோதும், ஞானஸ்நானத் தொட்டியை முடிப்பதற்காக அவர் தங்கினார். 1960-இல் மீண்டும் வந்து ஓவியங்களைப் புதுப்பித்தார். தாய் கொடுத்தனுப்பிய சிறிய படத்தைப் பார்த்து வரைந்த மாதாவும் குழந்தையும் பலிபீடத்துக்கு மேலே இருக்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குளிர்ந்த தரையில் நின்றார். இங்கே சிறு கட்டணம் உண்டு. உள்ளே இருபது பேர் நின்றாலே நிறைந்துவிடும். முதலில் எல்லோரும் உள்ளே போக விட்டுவிட்டு, கடைசியாகப் போவது நல்லது. நாங்கள் அப்படித்தான் ஐந்து நிமிடம் தனியே நின்றோம்.

மாலையில் செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் துறையிலிருந்து கில்ஸ் பே வரை ஒரு மணி நேரக் கப்பல். காற்று மிகுந்தால் இந்தக் கப்பல்கள் நின்றுபோகும் என்பதால், திரும்பும் இரவே விமானமோ இரயிலோ பதிவு செய்யாமல், இன்வர்னஸில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிட்டிருந்தோம். அடுத்த முறை நாங்களே போய் ஐந்து நாள் தங்குவதாக முடிவு. பாப்பா வெஸ்ட்ரே தீவில், ஸ்கேரா பிரேயைவிடப் பழைய வீடுகள் இரண்டு அருகருகே நிற்கின்றன. வெஸ்ட்ரேயிலிருந்து அங்கே போகும் விமானம் இரண்டு நிமிடத்துக்குள் தரையிறங்கிவிடும். பிர்சே கடற்கரையில் இன்னொரு தீவுக்கு, நீர் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் நடந்தே போகலாம். அதற்கான ஓத அட்டவணையை எங்கே பார்ப்பது என்று கப்பலிலேயே வழிகாட்டியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.